தலைமறைவுக் காலத்துக் கடிதங்களைப் படிப்பது எப்படி: ஆங்கஸ் கேனன், மார்த்தா ஹியூஸ் கேனன்

கேட்கப்பட்டது இது: 19-ஆம் நூற்றாண்டு மோர்மன் பிரமுகர் ஒருவருக்கும் கடல்கடந்து இருந்த அவர் மனைவிக்கும் இடையே ஓடிய கடிதங்களைப் படிக்கத் தொடங்கினால், பெயர்கள் மாறுகின்றன, ஆண்டு இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் வருவதில்லை, கொஞ்சலுக்கு அடுத்த பக்கத்திலேயே குத்தல் வருகிறது. இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

இந்த வகைக் கடிதங்களில் மிகவும் பேசப்படுவது ஆங்கஸ் மன் கேனனும் அவருடைய நான்காவது மனைவி டாக்டர் மார்த்தா ஹியூஸ் கேனனும் 1886 முதல் 1888 வரை எழுதிக்கொண்டவை. அவற்றை வைத்தே சொல்கிறேன். மோர்மன்கள் அமெரிக்காவின் யூட்டாவில் குடியேறிய ஒரு மதப் பிரிவினர். அவர்கள் பலதார மணம் செய்ததை அரசு குற்றமாக்கி வேட்டையாடிய காலம் இது. ஒவ்வொரு தாளையும் கையில் எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, 'இது ஒரு ஃபெடரல் மார்ஷல் (மத்திய அரசின் கைது அதிகாரி) கையில் சிக்கினால் எதை நிரூபிக்கும்?' என்பதுதான். காதல், கோபம், பொறாமை எல்லாம் அதற்குப் பிறகு. இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள் கடிதத்தின் மௌனங்களை எல்லாம் மனக்கசப்பாகப் படித்துவிடுகிறார்கள். பாதிக்கு மேல் அது கசப்பே அல்ல, எச்சரிக்கை.

ஆட்களை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஆங்கஸ் 1834-இல் லிவர்பூலில் பிறந்தவர். 1876 முதல் 1904 வரை சால்ட் லேக் ஸ்டேக்கின் தலைவர். அதாவது தலைநகர் வட்டாரத்து மோர்மன் சபைகளுக்கெல்லாம் மேலாளர் மாதிரி. கவுண்டி ஆவணப் பதிவாளராகவும் இருந்தார். அண்ணன் ஜார்ஜ் கியூ. கேனன் யூட்டா டெரிட்டரியின் (அப்போது யூட்டா இன்னும் மாநிலமாகவில்லை) பிரதிநிதியாக வாஷிங்டனில் உட்கார்ந்தவர், திருச்சபையின் உச்சத் தலைமையிலும் இருந்தவர். மார்த்தா 1857-இல் வேல்ஸில் லான்டட்னோவில் பிறந்து, சிறுமியாக யூட்டா வந்து சேர்ந்தவர். வந்த கொஞ்ச நாளிலேயே அப்பா இறந்துபோனார். அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துச் சம்பாதித்துப் படித்தார். 1880-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம், பிறகு பென்சில்வேனியாவில் மேற்படிப்பு, 1882 முதல் சால்ட் லேக்கில் டெசரெட் மருத்துவமனையில் உறைவிட மருத்துவர். ஆங்கஸ் அந்த மருத்துவமனையின் நிர்வாகக் குழுவில் இருந்தார். 1884 அக்டோபர் 6 அன்று ரகசியமாகத் திருமணம். அவருக்கு 50, இவருக்கு 27.

அந்தத் தேதி முக்கியம். 1882 மார்ச்சில் வந்த எட்மண்ட்ஸ் சட்டம் இரண்டு தனித்தனிக் குற்றங்களை வரையறுத்தது. பலதார மணம் செய்வது பெருங்குற்றம்: 5 ஆண்டு வரை சிறை, 500 டாலர் வரை அபராதம். ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களோடு மனைவியராகச் சேர்ந்து வாழ்வது சிறுகுற்றம்: 6 மாதம் வரை சிறை, 300 டாலர் வரை அபராதம். திருமணச் சடங்கு மூடிய கதவுக்குள் நடந்ததால் முதல் குற்றத்தை நிரூபிப்பது பெரும்பாடு. அரசு வழக்கறிஞர்கள் இரண்டாவதையே பிடித்துக்கொண்டார்கள். ஆங்கஸ் முன்பே செய்த திருமணங்களில் முதல் இரண்டும் 1858-இல் ஒரே நாளில் மௌஸ்லி சகோதரிகள் சாரா, அமாண்டா இருவரோடும் நடந்தவை. மூன்றாவது 1875-இல் கிளாரா. இவையெல்லாம் 1882-க்கு முந்தியவை. மார்த்தாவோடு நடந்ததோ சட்டம் வந்து இரண்டரை ஆண்டுக்குப் பின். ஆகவே மார்த்தாவின் பெயர் வெளியே வந்தால் ஆங்கஸுக்குக் காத்திருந்தது 6 மாதம் அல்ல, 5 ஆண்டு. மற்ற மனைவியருக்கு எழுதும் கடிதத்துக்கும் மார்த்தாவுக்கு எழுதும் கடிதத்துக்கும் உள்ள ஆபத்தின் அளவு வேறு வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1885-இல் ஆங்கஸ் மாட்டினார். வழக்கு அமாண்டா, கிளாரா இருவரைப் பற்றியது. இருவரும் ஒரே வீட்டில் தனித்தனிப் பகுதிகளில் இருந்தார்கள், அவர் இருவரோடும் மாறி மாறிச் சாப்பிட்டார். மார்த்தா அந்தக் குற்றப்பத்திரிகையில் இல்லவே இல்லை. தண்டனை 6 மாதமும் 300 டாலரும். மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1885 டிசம்பரில் வந்த தீர்ப்பு, சேர்ந்துவாழ்தலுக்கு உடலுறவை நிரூபிக்கத் தேவையில்லை, இருவரை மனைவியராக உலகுக்குக் காட்டிக்கொண்டு வாழ்ந்தாலே போதும் என்றது. அந்தத் தீர்ப்பு அடுத்த ஆண்டே, தனக்கு இதை விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் கண்டதால் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் யூட்டா நீதிமன்றங்கள் அதே அளவுகோலோடுதான் தொடர்ந்து நடந்தன. இதை அப்படியே கடிதத்துக்குப் பொருத்திப் பாருங்கள். மனைவியாகக் காட்டிக்கொள்வதே குற்றத்தின் உறுப்பு என்றால், 'அன்புள்ள கணவருக்கு' என்று தொடங்கும் தாள் தானே ஒரு சாட்சி. அந்தக் காலத்துக் கடிதங்களில் விளிப்பு காணாமல் போவதும், எவருக்கும் பொருந்தக்கூடிய 'நண்பருக்கு' மாதிரிச் சொற்கள் வருவதும், கையெழுத்து ஒற்றை எழுத்தாகச் சுருங்குவதும் இதனால்தான்.

இன்னொரு முடிச்சும் உண்டு. கணவன் மனைவிக்குள் நடந்த பேச்சை நீதிமன்றத்தில் வெளியிட வைக்கக்கூடாது என்ற பழைய பாதுகாப்பு சட்டப்படியான மனைவிக்கு மட்டுமே. 1887 மார்ச் 3 அன்று நிறைவேறிய எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் சட்டப்படியான மனைவியையும் சாட்சிக் கூண்டில் ஏற்ற வழிசெய்தது. அப்போதும் அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது, அந்தரங்கப் பேச்சைக் கேட்கக்கூடாது என்று விலக்கு வைத்தது. நான்காவது மனைவிக்கு அந்த விலக்கின் நிழல்கூடக் கிடையாது. சட்டத்தின் கண்ணில் மார்த்தா ஒரு மூன்றாம் மனுஷி. அவரை எந்தக் கேள்வியும் கேட்கலாம், பதில் சொல்ல மறுத்தால் நீதிமன்ற அவமதிப்புக்கு உள்ளே தள்ளலாம். அப்படி மறுத்து உள்ளே போன பெண்கள் இருக்கிறார்கள்.

மார்த்தா நாட்டை விட்டுப் போனதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. 1885 செப்டம்பர் 13 அன்று மகள் எலிசபெத் பிறந்தாள். அப்போது ஆங்கஸ் சிறையில். குழந்தை என்பது மறைக்க முடியாத ஆதாரம். அதோடு மார்த்தா பிரசவ மருத்துவர். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எப்போது குழந்தை பிறந்தது என்பது அவருக்குத் தெரியும். அவரைச் சாட்சியாக இழுத்தால் தன் கணவரை மட்டுமல்ல, தான் பிரசவம் பார்த்த குடும்பங்களின் தகப்பன்மாரையெல்லாம் காட்டிக்கொடுக்க நேரும். இந்த இரண்டாவது அச்சத்தை அவரே கடிதங்களில் சொல்கிறார். 1886 பிப்ரவரியில் ஜார்ஜ் கியூ. கேனனே பிடிபட்டு, 45,000 டாலர் ஜாமீனைக் கைவிட்டுத் தலைமறைவானார். ஏப்ரலில் மார்த்தா ஏழு மாதக் கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். உறவினர் வீடுகள், வாடகை அறைகள், இடையில் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார்.

இனி தபால். கேட்டது வேறு, பதில் வேறு என்று தோன்றுவதற்கு முக்கால்வாசிக் காரணம் தபாலின் கால அளவு. லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பல் 7 முதல் 10 நாள்; குனார்டின் 'எட்ரூரியா' மாதிரி விரைவுக் கப்பல் என்றால் ஏழுக்கும் கொஞ்சம் குறைவு. கப்பல் லிவர்பூலை விட்டுப் புறப்பட்ட பிறகும் கடிதம் சேர்க்க வழி இருந்தது: பை ரயிலில் ஹோலிஹெட் போய், ஐரிஷ் கடல் தாண்டி, குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில் அதே கப்பலைப் பிடிக்கும். நியூயார்க்கிலிருந்து சிகாகோ, ஒமாஹா வழியாக ஆக்டனுக்கு ரயிலில் ஏறத்தாழ 5 நாள். அங்கிருந்து 1870-இல் திறந்த கிளைப் பாதையில் சால்ட் லேக். கப்பலுக்காகக் காத்திருக்கும் நாளையும், இடைத்தரகர் கைமாற்றும் நாளையும் கூட்டினால் ஒரு வழிக்கு இரண்டு முதல் மூன்று வாரம். கேள்விக்குப் பதில் கையில் வர ஐந்து ஆறு வாரம். அதற்குள் மார்த்தா இன்னும் மூன்று நான்கு கடிதம் எழுதியிருப்பார், இருப்பிடமே மாறியிருக்கும்.

ஆகவே கடிதங்களை எழுதிய தேதி வரிசையில் மட்டும் அடுக்கிப் படிக்காதீர்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பத்தியில் மார்த்தா எழுதிய தேதி, வலது பத்தியில் ஆங்கஸ் எழுதிய தேதி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'எதிர்ப்பக்கத்துக் கடைசிக் கடிதம் எது கையில் இருந்தது' என்று குறியுங்கள். கடிதத்திலேயே 'உங்கள் இன்ன தேதிக் கடிதம் வந்தது' என்று ஒரு வரி வழக்கமாக இருக்கும். இல்லையென்றால் 18 நாளைக் கழித்துப் பாருங்கள். இதைச் செய்த உடனே, குத்தல் என்று தோன்றிய பல வரிகள் மூன்று வாரப் பழைய சேதிக்கு வந்த பதில் என்று தெரிந்துவிடும். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிய கடிதம் சால்ட் லேக் வந்து சேரும்போது குழந்தை ஒன்று தேறியிருக்கும், அல்லது மோசமாகியிருக்கும். ஆங்கஸ் எந்தத் தொனியில் எழுதினாலும் அங்கே போய்ச் சேரும்போது பொருந்தாமல்தான் போகும்.

கட்டணத்தையும் எடையையும் தெரிந்துகொண்டால் கடிதத்தின் நீளம் புரியும். உலகத் தபால் ஒன்றியத்தின் விகிதப்படி அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு அரை அவுன்சுக்கு 5 சென்ட். எதிர்த்திசையில் இரண்டரைப் பென்ஸ். அரை அவுன்ஸ் என்பது 14 கிராம் சொச்சம். மடித்த மெல்லிய குறிப்புத்தாள் ஒன்று 3 கிராம் என்று வைத்தால் இரண்டு தாள், அதாவது எட்டுப் பக்கம், உறையோடு சேர்த்து எல்லைக்குள் அடங்கும். மூன்றாவது தாளைச் சேர்த்துத் தடித்த உறையில் போட்டால் இடிக்கும். கடைசிப் பக்கத்தில் எழுத்து பொடியாகி ஓரத்தில் ஏறுவது சிக்கனம் மட்டுமல்ல. அஞ்சல்தலை குறைந்தால் பெறுபவரிடம் குறைந்த தொகையின் இரட்டிப்பை வசூலிப்பார்கள். தபால்காரர் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் காசு கேட்பது தலைமறைவில் இருப்பவருக்குக் கொஞ்சமும் ஆகாத காரியம்.

கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்களோ என்ற பயம் எந்த அளவுக்கு நியாயம்? 1878-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒட்டிய கடிதத்தை வாரண்ட் இல்லாமல் பிரிக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆகவே தபால் நிலையத்தில் வைத்துச் சட்டப்படி பிரிப்பது எளிதல்ல. ஆனால் உறையின் மேல்பக்கம் எவர் கண்ணுக்கும் திறந்தது. யூட்டா தபால் நிலையங்கள் ஃபெடரல் அரசின் கீழ் இருந்தவை. ஸ்டேக் தலைவருக்கு இங்கிலாந்து முத்திரையோடு, பெண் கையெழுத்தில், மாதம் நான்கு கடிதம் வருகிறது என்பதே போதுமான துப்பு. பிறகு வீட்டுச் சோதனை. மேசை இழுப்பறையில் கிடைக்கும் பிரித்த கடிதத்துக்கு 1878 தீர்ப்பு பெரிதாக ஒன்றும் உதவாது. எனவே உண்மையான அபாயம் வழியில் அல்ல, இரு முனைகளிலும் இருந்தது. படித்ததும் எரித்துவிடு என்ற வேண்டுகோள் இந்தத் தலைமுறைக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். அதைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே அது நிறைவேறவில்லை என்பதற்குச் சாட்சி.

இதற்கு அவர்கள் வைத்திருந்த வழிகளில் முதன்மையானது உறைக்குள் உறை. உள்ளே இருக்கும் கடிதத்துக்கு விலாசமே இருக்காது, அல்லது ஒற்றை எழுத்து இருக்கும். வெளியுறை நம்பகமான மூன்றாம் ஆளுக்கு. இங்கிலாந்து முனையில் மோர்மன் ஊழியத்தின் ஐரோப்பியத் தலைமையகம் லிவர்பூலில் 42, இஸ்லிங்டன் என்ற முகவரியில் இருந்தது. ஊழியக்காரர்களின் கடிதங்கள் குவியும் இடம். ஆனால் அது பத்திரமான இடம் என்று நினைத்தால் தவறு. அங்கே வந்து போகிற ஒவ்வொரு ஊழியரும் ஓரிரு ஆண்டில் யூட்டா திரும்புவார். புதிதாக மதம் மாறியவர்கள் கப்பல் கப்பலாகக் குடிபெயர்ந்து சால்ட் லேக்குக்கே போவார்கள். லிவர்பூலில் ஞாயிற்றுக்கிழமை கிசுகிசுத்தது அடுத்த மாதம் சால்ட் லேக்கில் பேச்சாகிவிடும். மார்த்தா தன் மதத்தாரிடமிருந்தே ஒளிய வேண்டியிருந்தது. கையில் குழந்தை, கூடக் கணவர் இல்லை, யார் மனைவி என்று சொல்லவும் முடியாது. ஊரார் என்ன நினைப்பார்கள் என்பதை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தபால் நிலையத்திலேயே போய் வாங்கிக்கொள்ளும் முறை, அதாவது பொது வழங்கல், வசதியாகத் தோன்றும். அதில் ஒரு பொறி உண்டு. வாங்காமல் கிடக்கும் கடிதங்களுக்குரியவர்களின் பெயரை அமெரிக்கத் தபால் நிலையங்கள் பட்டியலாக வெளியிடும், பல ஊர்களில் செய்தித்தாளிலேயே. அதற்குப் பிறகும் யாரும் வரவில்லையென்றால் வாஷிங்டனுக்குப் போய், அனுப்பியவர் யார் என்று பார்க்க அங்கே அதிகாரபூர்வமாகப் பிரிப்பார்கள். பதிவுத் தபால் இன்னும் மோசம். அனுப்பியவர், பெற்றவர், தேதி மூன்றுக்கும் பேரேடு. பணமும் அப்படித்தான். தபால் மணியார்டருக்குப் பெயர் எழுத வேண்டும், அது ஆவணம். ஆகவே பணம் பெரும்பாலும் வங்கி உண்டியலாகவோ (டிராஃப்ட்) நம்பகமான ஆள் கையிலோ போகும். தாமதமாகும், தொகை குறையும். பணம் பற்றிய வரிகளில் தெரியும் எரிச்சலை ஆங்கஸின் கருமித்தனம் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். பல குடும்பங்களைத் தாங்கிய மனிதர் அவர், கையில் ரொக்கம் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் வழியே அப்படி இருந்தது என்பதும் அந்த வரிகளுக்குள் இருக்கிறது.

பெயர்கள். இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மறைபெயரைப் பெரும்பாலும் யாரும் காற்றிலிருந்து பிடிப்பதில்லை. நடுப்பெயர், தாய்வீட்டுப் பெயர், மாற்றாந்தகப்பன் பெயர், சொந்த ஊர் என்று பழகிய இடத்திலிருந்தே எடுப்பார்கள், இல்லையென்றால் தாங்களே மறந்துபோவார்கள். ஆங்கஸின் நடுப்பெயர் மன். அந்தப் பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் முதலில் அவரை நினையுங்கள். மார்த்தாவின் முழுப்பெயர் மார்த்தா மரியா ஹியூஸ், வீட்டில் மாட்டி, மாற்றாந்தகப்பன் ஜேம்ஸ் பால் என்பதால் இளமையில் மாட்டி பால். எல்லாரும் இவ்வளவு எளிதாக இருக்கமாட்டார்கள்: பின்னாளில் திருச்சபைத் தலைவரான வில்ஃபோர்ட் வுட்ரஃப் தலைமறைவில் 'லூயிஸ் ஆலன்' என்று எழுதினார், அதற்கும் அவர் சொந்தப் பெயருக்கும் ஒட்டே இல்லை.

கேனன் குடும்பத்தில் மூன்று மரியாக்கள். மார்த்தா மரியா ஒருத்தி. முதல் மனைவி சாரா மரியா மௌஸ்லி இன்னொருத்தி. 1886-இல் ஆங்கஸ் மணந்த மரியா பென்னியன் மூன்றாமவர். கடிதத்தில் 'மரியா' என்று வந்தால் எழுதுகிறவரே தன்னைச் சொல்லிக்கொள்கிறாரா, மூத்தவரைச் சொல்கிறாரா, புதியவரைச் சொல்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆண்கள் பக்கம் ஜார்ஜ்கள்: அண்ணன் ஜார்ஜ் கியூ., சாராவின் மகன் ஜார்ஜ் எம். பின்னவர் 1896-இல் யூட்டா மாநில செனட்டின் முதல் தலைவரானவர். ஒரு குடும்ப வரைபடத்தைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, ஐயமான பெயருக்குப் பென்சிலில் இரண்டு ஊகமும் எழுதி, அடுத்த பத்துக் கடிதம் படித்த பின்பே ஒன்றை அடியுங்கள். முதல் ஊகத்தை மையில் எழுதிவிட்டால் பின்னால் வரும் எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப வளைத்துவிடுவோம்.

ஆண்டு இல்லாத கடிதத்துக்குக் கிழமைதான் துணை. 1886 சனவரி 1 வெள்ளி, 1887 சனவரி 1 சனி, 1888 சனவரி 1 ஞாயிறு. உதாரணமாக 'ஞாயிறு, நவம்பர் 14' என்று ஒரு தாள் தொடங்கினால் அது 1886. 1887-இல் அந்த நாள் திங்கள். ஆனால் நள்ளிரவு தாண்டி எழுதுகிறவர்கள் ஒரு நாள் தவறவிடுவார்கள், அதனால் ஒரு நாள் வித்தியாசத்தை மட்டும் வைத்து ஆண்டை மாற்றாதீர்கள். எண்ணால் எழுதிய தேதியில் இன்னொரு சிக்கல்: அமெரிக்கர் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், இங்கிலாந்தில் நாளை முன்னால். 5/6 என்பது மே 6-ஆ, ஜூன் 5-ஆ? மார்த்தா அமெரிக்காவில் படித்தவர், இங்கிலாந்தில் உட்கார்ந்து எழுதுகிறார். இரண்டும் நடக்கலாம். கூடவே கிழமை இருந்தால் தீர்ந்தது. இல்லையென்றால் வானிலை, குழந்தையின் பல், நடை, பேச்சு ஆகியவற்றை வைத்துப் பிடிக்கலாம். 1885 செப்டம்பரில் பிறந்த குழந்தை எப்போது நடக்கும் என்பது ஒரு நல்ல அளவுகோல்.

உறை பிழைத்திருந்தால் அது தங்கம். அமெரிக்கத் தபால் நிலையங்கள் வந்து சேர்ந்த கடிதத்தின் முதுகில் முத்திரை குத்துவது அப்போது விதி. முன்பக்கம் புறப்பட்ட ஊர், பின்பக்கம் நியூயார்க், சால்ட் லேக் என்று இருந்தால் பயணக் கணக்கு அப்படியே கையில். ஆனால் உறைக்குள் உறையாகப் போன கடிதத்துக்கு இது கிடைக்காது, ஏனெனில் முத்திரை விழுந்த வெளியுறை இடைத்தரகரின் அடுப்பில் போயிருக்கும். ஒரு கடிதத்துக்கு உறையே இல்லை என்பதும் அந்த வகையில் ஒரு சிறு தகவல்தான்.

அந்தக் காலத்துத் தலைவர்களிடம் நகல் புத்தகம் வைக்கும் பழக்கம் இருந்தது. நகலெடுக்கும் மையில் எழுதி, நனைத்த மெல்லிய திசுத்தாளுக்கு அடியில் வைத்து இரும்பு அழுத்தியில் திருகினால் மை ஊறி ஏறும். படிவது தலைகீழ் பிம்பமாக. தாள் மெலிதாக இருப்பதால் மறுபக்கத்திலிருந்து நேராகப் படிக்கலாம். தண்ணீர் கூடினால் எழுத்து பரவி ஊதாப் படலமாகிவிடும், குறைந்தால் பாதி எழுத்தே ஏறாது. படமெடுத்த பிரதியில் இப்படி மங்கிய பக்கம் வந்தால் அதன் பின்பக்கப் படத்தையும் கேட்டுப் பாருங்கள், அதைக் கணினியில் திருப்பிப் படிக்கலாம். பின்னால் வெள்ளைத்தாள் செருகாமல் எடுத்த படம் என்றால் அடுத்த பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும், அதையும் இதே வரியாகப் படித்துவிடுவார்கள். ஆங்கஸின் தாள்கள் சால்ட் லேக் சிட்டியில் மோர்மன் திருச்சபையின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

உள்ளடக்கத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதங்களை இரண்டு கட்சியாக நின்று படிப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு கட்சி, மார்த்தா பலதார மணத்தில் மாட்டிக்கொண்டு தவித்த பெண் என்கிறது. இன்னொன்று, விசுவாசத்துக்காக எல்லாம் தாங்கிய புனிதவதி என்கிறது. தாள்களில் இருப்பவர் இரண்டும் இல்லை. அவர் அந்தக் கொள்கையை நம்பினார், அதைக் கடவுள் கட்டளை என்றே பேசினார். அதே கையால் தனிமையையும், இளைய மனைவி ஒருத்தி வந்த சேதி தந்த பொறாமையையும், தனக்கென ஒரு வீடு இல்லாத வலியையும், தொழிலை விட்டுவந்த இழப்பையும் எழுதினார். இடையிடையே நல்ல கிண்டலும் உண்டு. தன் நிலைமையைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த பெண். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு 'இதுதான் உண்மையான மார்த்தா' என்று யாராவது சொன்னால் நான் சந்தேகப்படுவேன். தன்னைச் சிறைக்கு அனுப்பக்கூடிய மனிதருக்கும், தன்னால் சிறைக்குப் போகக்கூடிய மனிதருக்கும் ஒரே கடிதத்தில் எழுதுகிறார் அவர். இரண்டு பேரும் ஒருவரே.

காலக்கணக்கில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலதார மணம் என்ற பெருங்குற்றத்துக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு சடங்கு நடந்த நாளிலிருந்து 3 ஆண்டு. 1884 அக்டோபரில் நடந்ததற்கு அது 1887 அக்டோபரில் முடிந்தது. மார்த்தா கடல் தாண்டித் திரும்பியது அதற்குப் பிறகுதான். 1888-க்குள் யூட்டா வந்துவிட்டார். வரம்பு முடிந்ததற்காகவே திரும்பினார் என்று நான் சொல்லமாட்டேன், ஏக்கமும் பணமும் உடம்பும் சேர்ந்த முடிவு அது. ஆனால் 1887 இலையுதிர் காலத்துக் கடிதங்களைப் படிக்கும்போது இந்தத் தேதி மனதில் இருக்கட்டும். சிறுகுற்றத்தின் பயமோ அதற்குப் பின்னும் நீங்கவில்லை.

இடையில் 1887 மார்ச்சில் வந்த சட்டம் யூட்டாப் பெண்களின் வாக்குரிமையையும் பறித்தது. அவர்கள் 1870 முதல் அதை வைத்திருந்தவர்கள். மார்த்தா அந்தச் சேதியை வெளிநாட்டில் இருந்தபோதுதான் பெற்றார். திரும்பி வந்து தாதியர் பயிற்சிப் பள்ளி நடத்தினார், வாக்குரிமைக்காக மேடை ஏறினார். 1890 செப்டம்பரில் திருச்சபை புதிய பலதார மணங்களைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896 சனவரி 4 அன்று யூட்டா மாநிலமானது. அதன் அரசியல் சட்டத்திலேயே பெண்களுக்கு வாக்கும் பதவியும் வந்தன.

1896 நவம்பர் 3 தேர்தலைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். மார்த்தா கணவரை எதிர்த்து நின்று தோற்கடித்தார் என்பார்கள். சால்ட் லேக் கவுண்டிக்கு மாநில செனட்டில் 5 இடம். டெமாக்ரட்டிக் கட்சி ஐவர், ரிபப்ளிகன் கட்சி ஐவர், எல்லோரும் ஒரே தொகுதியில். மார்த்தா முதல் ஐவரில், ஆங்கஸ் மற்ற ஐவரில். நேருக்கு நேர் மோதல் அல்ல. கணக்குப்படி இருவருமே ஜெயித்திருக்கலாம். அந்த ஆண்டு காற்று டெமாக்ரட்டிக் பக்கம் அடித்தது. ஆனாலும் செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டம். மனைவியை செனட்டுக்கு அனுப்புங்கள், கணவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற பாணியில் ஒரு ஏடு எழுதியது. மார்த்தா அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டரானார். காது கேளாத, பேச இயலாத, பார்வையற்ற குழந்தைகளின் கல்வி, கடைகளில் வேலை செய்யும் பெண்களின் உடல்நலம், மாநிலச் சுகாதார வாரியம் ஆகியவை அவர் கொண்டுவந்த சட்டங்கள். 1899 ஏப்ரலில் மூன்றாவது குழந்தை க்வெண்டலின் பிறந்ததும் ஆங்கஸ் மீது மீண்டும் வழக்கு. 100 டாலர் அபராதம். மார்த்தாவின் தேர்தல் அரசியலும் அதோடு முடிந்தது.

படிக்கும் வரிசை பற்றி: நேரே 1886 கடிதங்களில் குதிக்காமல் ஆங்கஸ் வழக்கின் 1885 தீர்ப்பை முதலில் படியுங்கள். யார் எந்த அறையில் சாப்பிட்டார் என்பதுவரை சாட்சியங்கள் அதில் இருக்கின்றன. கடிதத்தில் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதற்கு அதுவே அகராதி. அடுத்து 1882, 1887 சட்டங்களின் வாசகம். பிறகு மார்த்தாவின் கடிதங்களை மட்டும் ஒரு முறை, ஆங்கஸ் பக்கத்தையும் சேர்த்து இன்னொரு முறை. தொகுத்து அச்சிட்ட பகுதிகளில் மூன்று புள்ளிகள் வரும் இடங்களைக் குறித்து வையுங்கள். தொகுப்பவர்கள் அங்கே வெட்டுவது பெரும்பாலும் பணக்கணக்கு, சளி, வயிற்றுப்போக்கு, யார் யாரிடம் எந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்பியது போன்றவை. மறைபெயருக்கும் இடைத்தரகருக்கும் துப்பு அந்த வரிகளில்தான் கிடைக்கும். மூலத்தின் படம் கிடைத்தால் முதலில் அந்த இடங்களைத் திறந்து பாருங்கள்.